ஆரிஃபா கேட்காத குரல்

பலகையில் 'ஓய்வு பெற்ற ஒலிபரப்பாளர் சங்கம்' என்று எழுதியிருந்தாலும், ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'பேச்சுக்காரங்க' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காபி கிளப் மாடியில் கூடுவார்கள். கீழே டிபன் சாப்பிட வருகிறவர்கள் மாடியிலிருந்து இறங்கும் குரல்களைக் கேட்டுவிட்டு, "மேலே ரேடியோ வெச்சிருக்கீங்களா?" என்று முதலாளியை விசாரிப்பது உண்டு.

"அதுக்கு லைசென்ஸ் கட்டணும்ங்க. இது சும்மா பேசுது" என்பார் அவர்.

அந்த வயதில் நாலு பேர் கூடினால் முழங்கால் வலியும் மருமகள் குணமும்தான் பேச்சு. இவர்களும் அதைத்தான் பேசினார்கள். ஆனால் செய்தியாக வாசித்தார்கள். கூட்டம் ஆரம்பித்ததும் ஒருவர் எழுந்து சங்கச் செய்திகளை வாசிக்க வேண்டும் என்பது முறை. அன்றைக்கு முறை திருவெள்ளறை காத்தமுத்துவுக்கு. கிராம நிகழ்ச்சியில் வருஷக்கணக்காக உழவர்களுக்கு யோசனை சொன்ன மனிதர். அந்த யோசனைகளில் ஒன்றையாவது தன் வயலில் செய்து பார்த்ததில்லை என்பது சங்கத்துக்கு மட்டும் தெரியும்.

"திருவெள்ளறையில் காத்தமுத்துவின் எருமை கன்று ஈன்றுள்ளது. தாயும் சேயும் நலம். உறையூரில் மயிலம்மாளின் இளைய மகளுக்கு நிச்சயதார்த்தம் நடைபெற்றது. சாம்பாரில் உப்பு சற்றுக் குறைவாக இருந்ததாக நமது நிருபர் தெரிவிக்கிறார்."

"நிருபர் அந்தச் சாம்பாரை எத்தனை தடவை ஊத்தச் சொன்னாருன்னும் வாசிங்க" என்றாள் மயிலம்மாள். அவள் மாதர் நிகழ்ச்சி நடத்தினவள். குழந்தைகளுக்குக் கதையும் சொல்வாள். குரல் தேன் மாதிரி இருக்கும், வாய் மட்டும் மிளகாய்.

அந்தக் கூட்டத்துக்கே பொதுவாக ஒரு வியாதி உண்டு. யாரும் பேசாமல் நாலு நொடி கழிந்தால் போதும், எல்லாருக்கும் வேர்த்துவிடும். வானொலியில் சும்மா இருந்தால் வேலைக்கே ஆபத்து அல்லவா? அதனால் காபி வரத் தாமதமானால்கூட பரக்கத் அலி எழுந்து, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பார். அப்புறம்தான் மற்றவர்களுக்கு மூச்சு வரும்.

இந்தப் பரக்கத் அலிதான் நம்முடைய ஆள். பாலக்கரைக்காரர். நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து தலை நரைத்தவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். மைக் முன்னால் உட்கார்ந்தாரென்றால் அந்த ஒல்லி உடம்புக்குள்ளிருந்து ஆறடி உயர மனிதர் ஒருவர் எழுந்து வந்து பேசுவார்.

செய்திகள் முடிந்ததும் சங்கத்தின் தலைவர் ரங்கசாமி அய்யங்கார் தொண்டையைக் கனைத்தார். சங்கீதப் பகுதியில் இருந்தவர். கனைப்பதைக்கூட ஏதாவது ராகத்தில்தான் கனைப்பார்.

"பெருமாள் கிருபை. நிலையத்துல வெள்ளிவிழா வர்றதோன்னோ, நம்ம சங்கத்துக்கு சாயங்காலம் அரை மணி நேரம் குடுத்திருக்கா. மயிலம்மா ஒரு கதை சொல்லட்டும். காத்தமுத்து வயக்காட்டைப் பத்திப் பேசட்டும். அடியேன் ரெண்டு பாசுரம். அறிவிப்பை அங்க இப்ப இருக்கற பிள்ளையாண்டானே பண்ணிடட்டும், என்ன?"

பரக்கத் அலி எழுந்து நின்றார். "சாமி, அறிவிப்பை எனக்குக் குடுங்க."

"உமக்குப் பேச்சே குடுக்கலாம்னு இருந்தேனே ஓய்!"

"பேச்சு வேணாம். அறிவிப்புதான் என் வேலை. என் வீட்டுல அதைக் கேக்கணும். அவ இதுவரைக்கும் கேட்டதே இல்லை."

எல்லாரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார். அவருடைய அம்மா இருந்தவரைக்கும் பாட்டுப் பெட்டி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது கட்டளை. பார்க்கில் நகராட்சி ரேடியோ இருந்தது. ஆனால் அங்கே ஆம்பளைக் கூட்டம். அவர் மனைவி ஆரிஃபா போய் நிற்க முடியுமா? பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்கலாமென்றால், அவர் பேசுகிற நேரமெல்லாம் அடுப்பு நேரமாகவோ பிள்ளைகள் அழுகிற நேரமாகவோ இருந்தது. அம்மா மௌத்தான பிறகு, பினாங்கிலிருந்து மூத்த மகன் ஒரு நல்ல ரேடியோவாகப் பார்த்து அனுப்பினான். அது கப்பலில் வந்து சேர்வதற்குள் இவர் ரிடையர் ஆகிவிட்டார்.

"ஊரே கேட்ட குரலை அவ மட்டும் கேக்கலை. இதுதான் கடைசி வாய்ப்பு சாமி. இதை விட்டா அவ காதுல விழாமலே போயிடும்" என்றார்.

அந்த மாடியில் முதல் தடவையாக நாலு நொடிக்கு மேலும் நிசப்தம் நீடித்தது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

"அறிவிப்பு பாய்க்குத்தான்" என்றாள் மயிலம்மாள், தலைவரைக் கேட்காமலே. "ஆனா ஒண்ணு பாய். உங்க பேரையும் சொல்லிடுங்க. அக்கா சந்தோஷப்படுவாங்க."

பரக்கத் அலிக்குச் சுருக்கென்றது. "அது மட்டும் ஆகாதும்மா. அறிவிப்பாளருக்குப் பேர் கிடையாது. பாடறவங்க பேரைச் சொல்லலாம், பேசறவங்க பேரைச் சொல்லலாம். தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டா அது அறிவிப்பா? தம்பட்டம்!"

"குரலைக் கேட்டா பொண்டாட்டிக்குத் தெரியாதா என்ன?" என்று காத்தமுத்து பஞ்சாயத்து செய்து முடித்து வைத்தார்.

விழா நெருங்க நெருங்க, பாலக்கரை வீட்டில் தயிர் நின்றது, புளி நின்றது. மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்ட பால் மட்டும்தான். பரக்கத் அலி தொண்டையைக் காப்பாற்ற வாயையே திறக்காமல் இருந்தார். தண்ணீர் வேண்டுமானால் கட்டைவிரலைக் காட்டுவார், போதுமென்றால் உள்ளங்கையைக் காட்டுவார். சர்வீஸில் இருந்த காலம் முழுக்க ஆரிஃபாவுக்குப் பழகின பாஷைதான் அது. பேசினாலும் வீட்டில் தொண்டையோடு நிற்கிற ஒரு கரகரப்பான குரல், பாதி வாக்கியம், மீதி இருமல்.

"இதுக்கு ரேடியோவே தேவலாம். காதைத் திருகினா பேசவாவது செய்யுது" என்று ஆரிஃபா அலுத்துக்கொண்டாள். அலுப்பெல்லாம் வாயோடு சரி. தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய், "எங்க வீட்டுல ரேடியோவுல பேசறாங்க, எல்லாரும் வந்துடுங்க" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் அழைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பரக்கத் அலி முதுகை நிமிர்த்தினார். மப்ளரைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நேயர்களுக்கு வணக்கம். நமது நிலையத்தின் தொடக்க காலத்தில் உங்கள் இல்லங்களுக்குக் குரலாய் வந்தவர்கள், இன்று மீண்டும் வருகிறார்கள். முதல் நிகழ்ச்சியாக, மயிலம்மாள் வழங்கும் கதை."

ழகரம் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற இளவட்ட அறிவிப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காத்தமுத்து உரம் பற்றிப் பொய் சொன்னார், அய்யங்கார் நேரம் போவது தெரியாமல் பாடினார், பரக்கத் அலி அத்தனையையும் இழுத்துப் பிடித்து நேரத்துக்கு முடித்து வைத்தார். விளக்கு அணைந்ததும் அய்யங்கார் அவரைக் கட்டிக்கொண்டார்.

"ஆரிஃபா அக்கா இந்நேரம் அழுதுட்டு இருப்பாங்க" என்றாள் மயிலம்மாள்.

அது உண்மைதான். பரக்கத் அலி பஸ்ஸை விட்டு இறங்கி, அரை வீசை அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது ஆரிஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்க விரித்த பாய்கள் அப்படியே கிடந்தன. வந்த பெண்கள் போய்விட்டிருந்தார்கள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அழறதுக்கு என்ன இருக்கு? கேட்டியில்ல?" என்றார் வழக்கமான கரகரப்பில்.

"கேட்டேன். எல்லாம் கேட்டேன். அந்த அய்யங்காரு இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனைக்கலைங்க."

"என்ன பண்ணினாரு?"

"உங்களுக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டு வேற யாருக்கோ குடுத்துட்டாரே! நீங்க இப்ப வருவீங்க, அப்ப வருவீங்கன்னு கடைசி வரைக்கும் எல்லாரும் காத்துட்டு இருந்தோம். தெருவே சேர்ந்து கேட்டுச்சு, அண்ணனைக் காணோமேன்னு. எனக்கு மானமே போச்சு." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "பரவாயில்லைங்க. மனசை விட்டுடாதீங்க. பேசினவரு நல்லாத்தான் பேசினாரு, பொய் சொல்லக் கூடாது. அப்படி ஒரு குரலு. யாரோ பெரிய இடத்துப் பிள்ளை போலிருக்கு. அதனாலதான் அவருக்குக் குடுத்துட்டாங்க."

பரக்கத் அலி அல்வாப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. நாலு நொடியென்ன, நாற்பது நொடி போயிருக்கும்.

"ஆரிஃபா, அது நான்தான்."

"போதும், என்னைச் சமாதானப்படுத்த வேணாம்."

"அல்லா மேல ஆணையா நான்தான்."

அவள் நம்பவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். அந்தக் குரலுக்கும் இந்த உடம்புக்கும் எந்தச் சம்பந்தமும் அவளுக்குத் தெரியவில்லை.

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். மப்ளரைக் கழற்றினார். கூடத்துச் சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

"நேயர்களுக்கு வணக்கம்" என்றார்.

ஆரிஃபா சட்டென்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். வீட்டுக்குள் அந்நிய ஆண் வந்துவிட்டதுபோல ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். பிறகுதான் அந்தக் குரல் வருகிற வாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அவரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"இத்தனை வருஷமா இதை உள்ளதான் வெச்சிருந்தீங்களா?"

"தொண்டை கெட்டுடும்னு பாத்து..."

"ஊருக்கெல்லாம் இந்தக் குரலைக் குடுத்துட்டு, வீட்டுக்கு வெறும் இருமலைக் கொண்டுட்டு வந்தீங்களா?"

கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் கண் நிறைந்திருந்தது. பரக்கத் அலி யோசித்துப் பார்த்தார். எத்தனை பேருடைய பெயரை எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்! வித்வான்கள், புலவர்கள், கலெக்டர்கள். முன்பின் பார்த்திராத ஆட்களின் பெயரைக்கூட நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மைக்குக்குப் போவார். கட்டினவளைக் கூப்பிட ஒரு கைதட்டல் போதுமென்று இருந்துவிட்டார். அதை நினைத்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"ஆரிஃபா" என்றார்.

அந்தச் சின்னக் கூடம் முழுக்க அந்தப் பெயர் நிறைந்தது. தெருவில் போன யாரோ நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

ஆரிஃபா அசையவில்லை. தலையிலிருந்த முந்தானையைத் தளர்த்தி, ஒரு பக்கக் காதை வெளியே விட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.