காலி லாரிக் காற்று

கம்பம் ஊரில் ஆடி மாதம் வந்தால் கல்யாண மண்டபக்காரர்கள் சாந்தமாகப் பேசுவார்கள். தை மாதம் போனால் உட்காரச் சொல்லவும் நேரமில்லாத மேனேஜர், ஆடியில் போனால் காபிக்கு ஆளனுப்புவார். ஊரே நல்ல காரியத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்க, ஆடி பார்க்காத கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு மட்டும் மண்டபம், சமையல்காரர், பேண்டு வாத்தியம் எல்லாம் கேட்ட நாளில் கிடைக்கும்.

ஹார்டுவேர் கடை சுந்தர்ராஜ் மகன் செல்வினுக்கு ஆடியில் கல்யாணம் பேசியதில் இந்தச் சூட்சுமமும் உண்டு. ஆனால் உண்மையான அவசரம் வேறு. பையனுக்கு மஸ்கட்டில் வேலை. லீவு ஆடியோடு முடிகிறது. விட்டால் அடுத்த லீவு இரண்டு வருசம் கழித்துத்தான். அவனோ மலைக்கு மேலே உள்ள வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரி முத்துராஜாவின் மகள் ஜெனிபரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து செல்போனைக் காதைவிட்டு எடுக்கவில்லை.

முத்துராஜா ஒருநாள் கடைக்கே வந்து இறங்கினார். உடம்பில் ஸ்வெட்டர், கையில் நீளக்குடை. குடையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கடைத்தெருவிலோ வெயில் கண்ணைக் கூச வைத்தது.

"கோவிச்சுக்கிறாதீக சம்பந்தி. ஆடி வேணாம், தையில வச்சுக்கிருவோம். மூத்தவளுக்கு மேல எங்க ஊருல இதே ஆடியில, கர்க்கடக மழையில வச்சு, பந்தியில எலை மிதந்து போச்சு. எம் பொஞ்சாதி இன்னும் சொல்லிச் சொல்லி அழுறா."

"அது உங்க ஊரு. இங்கன ஆடியில ஏது மழை?"

"ஒரே மலை. அங்கிட்டு ஊத்துறது இங்கிட்டு ஊத்தாதாக்கும்?"

சுந்தர்ராஜ் மேற்கே மலையைக் காட்டினார். "அரபிக்கடல்ல இருந்து மேகம் ஃபுல் லோடோட வருது. முன்னால இம்புட்டு ஒசரம் மலை. மேல ஏற ஏறக் குளிருது. குளிரக் குளிர வச்சிருக்க சரக்கையெல்லாம் உங்க ஏலத்தோட்டத்துல கொட்டிருது. இங்கிட்டு இறங்கையில வண்டி காலி. காலி லாரி இறக்கத்துல எப்பிடி வரும்?"

"பிடிச்சு நிறுத்த முடியாது."

"அதான் எங்க ஆடிக்காத்து. எங்களுக்கு உள்ள சரக்கு ஐப்பசியில வரும். அது வங்காள விரிகுடா சர்வீஸு, வேற லாரி."

முத்துராஜா வாய்ப்பேச்சை வைத்துச் சரக்கெடுக்கிற ஆள் இல்லை. "சரி, ஆடியிலயே வைங்க. பந்தி வெளியதான போடுறீக? மேல தார்ப்பாய்க் கூரை வேணும்."

கயிறு வாங்க வந்து நின்ற பந்தல் காண்ட்ராக்டர் சங்கிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடியில தார்ப்பாயா? மாப்பிள்ளைக்கு முன்னாடி பந்தல் மஸ்கட் போயிரும் மொதலாளி."

கல்யாணம் கைநழுவிப் போவது சுந்தர்ராஜுக்குக் கண்ணில் தெரிந்தது. அப்போது கல்லாவிலிருந்து அவர் மனைவி சாராள் குரல் கொடுத்தாள்.

"கூரை வேணாம்ண்ணே. உங்க ஆளுக எல்லாரும் குடையோட வாங்க. ஒரு சொட்டு விழுந்தாலும் அன்னைக்குப் பூரா இவுக உங்களுக்குக் குடை பிடிப்பாக."

சுந்தர்ராஜைக் கேட்காமலே சுந்தர்ராஜ் விலைபோனார். முத்துராஜா முதல்முறையாகச் சிரித்தார்.

கல்யாணத்தன்று மலையிலிருந்து வந்த பஸ்ஸில் மனிதர்களைவிடக் குடைகள் அதிகம். மப்ளரும் ஸ்வெட்டருமாக இறங்கியவர்களை வெயில் வரவேற்றது. வேதக்கோயிலில் மோதிரம் மாற்றி முடிந்து வெளியே வந்தபோதும் வெயில்தான். சுந்தர்ராஜ் மேலே பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். அதில் ஒரு சுகம் இருந்தது.

அந்தச் சுகம் பந்தி வரைக்கும்தான். மழைக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் காற்றை மறந்துபோயிருந்தார். முதல் வரிசையில் போட்ட இலைகள் கிளம்பி மண்டபத்துச் சுவரில் ஒட்டின. தயிர்வெங்காயம் மேனேஜர் சட்டையில் போய் உட்கார்ந்தது. "கறியை அள்ளி வைங்கப்பா, எலைக்குப் பாரம் வேணும்ல" என்றார் ஒரு பெரியவர். கறி வைத்த பிறகு காற்று மண்ணையும் சேர்த்துப் பரிமாறியது. இரண்டு மூன்று பேர் எழுந்தே விட்டார்கள். மகன் கல்யாணத்தில் சனம் சாப்பிடாமல் போவதா? சுந்தர்ராஜ் எழுந்தவர்கள் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்.

முத்துராஜா விரலை மடித்து ஒரு விசில் அடித்தார். மலைக்காரர்கள் மேற்கு ஓரமாக வரிசையாகக் குத்தவைத்தார்கள். நீளக்குடைகளை விரித்து, விளிம்பைத் தரையில் ஊன்றி, காற்றுக்குச் சரித்துப் பிடித்தார்கள். கருப்பாக ஒரு சுவர் எழும்பியது. ஒன்றிரண்டு குடை காற்றில் மடங்கி, உதறியதும் நிமிர்ந்தது. சுவருக்குப் பின்னால் இலை படுத்துக் கிடந்தது. பிரியாணி மணம் இப்போதுதான் மூக்குக்கு எட்டியது.

சாப்பிட்டு எழுந்த கம்பத்துக்காரர்கள் கை கழுவியதும் குடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இன்னும் சாய்ச்சுப் பிடிங்க மாமா, இது கொடிக்கம்பம் இல்ல" என்று மலைப் பையன்கள் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசைக் கடைசியில் செல்வினும் ஜெனிபரும் ஒரே குடையை நாலு கையால் பிடித்திருந்தார்கள். அது கோணலாக இருந்தது. யாரும் திருத்தப் போகவில்லை.

கடைசிப் பந்தியில் சம்பந்திகள் இருவரும் உட்கார்ந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முத்துராஜாவின் இலையில் பொட்டென்று ஏதோ விழுந்தது. அடுத்து வழுக்கையில் ஒன்று. மலையைத் தாண்டிப் பறந்து வந்த சாரல்.

"சம்பந்தி," என்றார் முத்துராஜா, இலையைக் காட்டி. "இது என்னது?"

சுந்தர்ராஜ் எச்சில் கையோடு யோசித்தார். பிறகு இடது கையால் ஒரு குடையை எடுத்து விரித்து, சம்பந்தி தலைக்கு மேல் பிடித்தார்.

"கிளீனர் காலி லாரியப் பெருக்கித் தள்ளியிருக்கான். இதெல்லாம் சரக்குக் கணக்குல வராது, பேசாமச் சாப்பிடுங்க."