தயாரிப்பில் உள்ளது

...அதுவும் அதே நீலம், உலகத்தில் வேறு நிறமே இல்லையா, வெள்ளை இருக்கிறது, சாம்பல் இருக்கிறது, யாரோ ஒருவன் அந்தக் காரை வாங்கியிருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் தானியேலுக்கு அந்த நீலம்தான் வேண்டியிருந்திருக்கிறது, பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறான், என்று நினைத்தபடி அன்புசெல்வன் பெரியபாளையம் பேருந்து நிறுத்தத்தில் ஊர் திரும்ப ஆரணி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தான். ஆடி ஞாயிறு. வேப்பிலை கட்டிய கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு கோயில் பக்கம் போனது, வேன்கள் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன, ஒரு பஸ்ஸும் வருவதாகத் தெரியவில்லை. பக்கத்தில் அவன் மனைவி கல்பனா, கையில் பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம், குங்குமப் பொட்டலம். பூசணிக்காயை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று காலையில் அவன்தான் சொன்னான், நல்ல வேளை, இல்லாவிட்டால் அதையும் சுமந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். கார் எடுக்கப் போகிறவர்கள் எதற்குப் பைக்கில் போக வேண்டும், போகும்போது பஸ், வரும்போது நம்ம வண்டி என்று சொன்னது கல்பனா, சிரித்துக்கொண்டே சொன்னாள், அவனும் சிரித்தான், இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வெயில் ஏற ஏற மாலையிலிருந்து பூவாசம் வந்தது, சாவு வீட்டில் வருமே அந்த வாசம்... ஏன் இப்படித் தோன்றுகிறது, தோன்றட்டும், நல்லதாக என்ன நடந்துவிட்டது?

தை மாதம் புக் செய்த வண்டி. திருவள்ளூர் ஷோரூமில் அன்றைக்கு ஜூஸ் கொடுத்தார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள், சித்திரைக்குள் வந்துவிடும் சார் என்றார்கள். சித்திரை போனது, வைகாசி போனது, கேட்டால் அந்தக் கலருக்கு ஆர்டர் அதிகம் என்றார்கள், அப்புறம் ஏதோ சிப் வரவில்லை என்றார்கள், திங்கட்கிழமையானால் போனில் ஒரு செய்தி வந்து விழும், உங்கள் வாகனம் தயாரிப்பில் உள்ளது. எந்தத் தயாரிப்பு? விதை போட்டு நாற்று விட்டுப் பிடுங்கி நட்டு அறுத்து மூட்டையும் கட்டியாகிவிட்டது, இவர்களால் நாலு சக்கரத்தை மாட்ட முடியவில்லை. போன வாரம் ஷோரூமிலிருந்து அந்தப் பெண் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை டெலிவரி சார், ஃபேமிலியோட வாங்க என்றபோது அவன் வயலில் நின்றான், கால் சேற்றில் இருந்தது, அந்த நிமிஷம் வரைக்கும் இருந்த எல்லாக் கோபமும் மறந்துபோனது, முட்டாள். இன்றைக்குப் போய் நின்றால் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்க்கிறாள். "சாரி சார், பேரு மாறிடுச்சு சார், இது வேற அன்புசெல்வன் சார். உங்க வண்டி இன்னும் ப்ரொடக்‌ஷன்லதான் சார் கீது." அந்த வேறு அன்புசெல்வன் அங்கேயே நின்றான், வழுக்கைத்தலை, வெள்ளைச் சட்டை, ரிப்பன் கட்டிய வண்டி முன்னால் கேக் வெட்டினான், கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கல்பனாவும் தட்டினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினாள். ஏன்டி தட்டினாய் என்று திரும்பி வந்த பஸ்ஸில் கேட்டதற்கு, அவரு இன்னா பண்ணுவாரு பாவம், நல்ல நாளு, என்கிறாள். யார் பாவம்?

இல்லை, இதெல்லாம் தானாக நடக்கிற காரியமில்லை, யாரோ உள்ளே இருந்து செய்கிறார்கள், யாரோ என்ன யாரோ, தானியேல்தான். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்கு சீட் தைத்துக் கொடுக்கிற கம்பெனியில் இருக்கிறான், சூப்பர்வைசர் ஆகிவிட்டான் என்று பேச்சு. சீட் போடாமல் வண்டி எப்படி வெளியே வரும்? இந்த நம்பர் வண்டிக்கு இப்போதைக்கு அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? அப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்டால்... முடியாது என்று யார் சொன்னது? அவன் வண்டி சித்திரையிலேயே வந்துவிட்டதே. இவன் புக் செய்து எவ்வளவோ நாள் கழித்து, அவன் புக் செய்ததாகக்கூட ஒருவருக்கும் தெரியாமல், ஒரு சாயங்காலம் திடீரென்று காலனியிலிருந்து அந்த நீலம் வளைந்து மெயின் ரோட்டுக்கு வந்தது, அன்புசெல்வன் வாசலில் பல் குத்திக்கொண்டு நின்றான், முதலில் நம்ம வண்டிதான் என்று நெஞ்சு துள்ளியது, ஓட்டுகிறவன் முகம் தெரிந்ததும் வாயிலிருந்த குச்சியைக் கடித்து முறித்தான். கன்னியம்மா மகன். அன்புசெல்வன் வீட்டு நிலத்தில் நடவுக்கு வந்த கன்னியம்மா, அவன் அப்பா தணிகாசலம் வரப்பில் வந்து நின்றால் இடுப்பை நிமிர்த்தி, தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறவள், அவனைப் பார்த்தால், அரைக்கால் சட்டை போட்ட பையனைப் பார்த்து, சின்ன நைனா என்பாள். தானியேல் அந்த வரப்பில் உட்கார்ந்து படிப்பான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சில்லை. நம்ம சோற்றைத் தின்று வளர்ந்தவன் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார், கூலிக்குத்தானே வேலை செய்தாள் என்று ஒருநாள் கல்பனா முணுமுணுத்தாள், அவள் எப்போதும் அப்படித்தான், யார் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாது. கார் வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது, ஆனால் அதே வண்டி, அதே நீலம், அதுவும் முந்திக்கொண்டு, தினமும் இரண்டு வேளை நம்ம வீட்டு வாசல் வழியாக... மெயின் ரோட்டுக்கு வேறு வழி இல்லைதான், இருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் போவது எதற்கு? வேகத்தடை இருக்கிறது. வேகத்தடைக்கு இவ்வளவு மெதுவாகவா?

"இன்னாங்க, தானியேலு," என்றாள் கல்பனா.

அவன் மனதுக்குள் இருந்ததை அவள் படித்துவிட்டாளா என்று திடுக்கிட்டுத் திரும்பினால், கூட்டத்தைத் தாண்டி அந்த நீலம் ஓரம் கட்டி நின்றது. கண்ணாடி இறங்கியது. "ஏறுங்கண்ணா, பஸ்ஸு ஒண்ணும் வராது, வெங்கல்லேர்ந்தே ரோடு பேஜாரா கீது," என்றான் தானியேல். இல்லை, பரவாயில்லை, வேலை இருக்கிறது, ஒருவர் வருகிறார், என்ன சொல்லலாம் என்று அவன் வார்த்தை தேடுவதற்குள் கல்பனா பின்கதவைத் திறந்து கூடையோடு உள்ளே போய்விட்டாள். முன் சீட்டில் கன்னியம்மா. அவன் முன்கதவுப் பக்கம் நின்றான். அவள் இறங்கிப் பின்னால் போவாள் என்றுதான் நின்றான், அதற்கு ஒரு நொடி போதும், அவள் இறங்கவில்லை, தலையைத் திருப்பி, "பின்னால ஏறு அன்பு, எடம் கீது," என்றாள். அன்பு. சின்ன நைனா எப்போது அன்பு ஆனான்? பின்னால் ஹாரன் அடித்தார்கள், ஏறினான். அவள் தலைக்கு நேர் பின்னால் அவனுக்கு இடம், நரைத்த கொண்டை, அதில் ஒரு துண்டு கனகாம்பரம், பெரியபாளையத்திலிருந்து ஊர் வருகிறவரைக்கும் இந்தக் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு வர வேண்டும். சீட்டைத் தடவிப் பார்த்தான், நல்ல துணிதான், தையல் எங்காவது பிரிந்திருக்கிறதா என்று விரலால் தேடினான், பிரியவில்லை. ஏ.சி. குளிர்ந்தது. குளிர்ச்சி உடம்புக்குப் பிடித்தது, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. நம்ம வண்டியிலும் கால் வைக்க இவ்வளவு இடம் இருக்குமா என்று ஒரு நினைப்பு வேறு, வெட்கங்கெட்ட நினைப்பு.

"காலு எப்டி கீதுக்கா?" என்று கேட்டாள் கல்பனா. அக்கா. எப்போதிலிருந்து? மகளிர் குழுவில் ஒன்றாக உட்காருகிறார்கள் என்று தெரியும், அக்கா என்று தெரியாது. "முட்டில கம்பி வெச்சிக்கிறாங்க, மடக்கக் கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க, நீட்டிக்கினே குந்திக்கினு கீறேன்," என்றாள் கன்னியம்மா, பிறகு கூடையைப் பார்த்து, "இன்னா, மாலையெல்லாம் வாங்கிக்கினு, கோயிலுக்குப் போவலையா?" என்றாள். சொல்லாதே, என்று அவன் கல்பனாவின் காலை மிதித்தான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள். "வண்டி எடுக்கப் போனோம்கா. பேரு மாத்திக் கூப்ட்டுட்டாங்க. இன்னும் ரெடியாவலையாம்."

"வண்டியா, இன்னா வண்டி?" என்றான் தானியேல்.

"இதே வண்டிதான். தையில புக் பண்ணது."

கண்ணாடியில் தானியேலின் கண்கள் அவனைத் தேடின. இதோ, சிரிக்கப் போகிறான், இதற்காகத்தானே காத்திருந்தாய், சிரி, என்று அன்புசெல்வன் தாடையை இறுக்கிக்கொண்டான். "அப்டியாண்ணா? எனுக்குத் தெரியவே தெரியாது. ஒங்க வூட்டாண்ட ஷெட்டு போட்டிருந்ததப் பாத்தேன், டிராக்டருக்குன்னு நெனச்சிக்கினேன்." அவன் முகத்தில் ஒன்றுமில்லை, வெறும் ஆச்சரியம், அதுவும் ஒரு நொடிதான், குறுக்கே வந்த பால்குடக்காரிக்கு வழி விடுவதற்காகக் கண்ணை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான். பொய். ஊருக்கே தெரியும், டீக்கடையில் நாயைக் கேட்டால்கூடச் சொல்லும், இவனுக்கு மட்டும் தெரியாதாம். "உனுக்கு மட்டும் எப்டி சீக்கிரம் வந்துச்சு?" என்று கேட்டான், குரல் தான் நினைத்ததைவிடக் கரகரப்பாக வந்தது. "எனுக்குன்னு வரலண்ணா, யாரோ கேன்சல் பண்ண வண்டி. நான் வெள்ளதான் கேட்டேன். அம்மாவ ஆட்டோல ஏத்தி எறக்க முடியல, எது கீதோ குடுங்கன்னு சொன்னேன், இந்தக் கலரு இருந்துச்சு, எடுத்துக்கினு வந்துட்டேன்." அவ்வளவுதான். உங்கள் கம்பெனி சீட் என்று ஏதாவது கேட்கலாமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் ஏதாவது சாதாரணமான பதில் இருக்கும். "எங்க சீட்டு இந்த வண்டிக்கு இல்லண்ணா, வேற மாடலு" என்பான், கேட்காமலே அந்தக் குரல் அவன் காதில் விழுந்தது. தானியேல் அதற்குள் அம்மாவிடம் மாத்திரை போட்டாயா என்று கேட்டான், அவள் இல்லை என்றாள், ஒரு கையால் டேஷ்போர்டைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான், பேச்சு அவ்வளவு சுலபமாக வேறு எங்கோ போய்விட்டது. பொய் சொல்கிறவன் இவ்வளவு சீக்கிரம் மறப்பானா? அவன் மறக்கவில்லை, மறப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லவே இல்லை என்று அன்புசெல்வனுக்குத் தோன்றியது. அப்படியானால் வாசலில் வண்டி மெதுவாகப் போனது... வேகத்தடைக்குத்தான். அவ்வளவு மெதுவாகப் போனது கன்னியம்மாவின் மடக்க முடியாத காலுக்காக. சித்திரையிலிருந்து இன்றுவரை ஒரு நாள், ஒரு வேளை, அவன் இவனை நினைக்கவே இல்லை.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். கல்பனா கன்னியம்மாவின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள், கன்னியம்மா சிரித்தாள். "வண்டி வந்தா சொல்லுங்கண்ணா," என்றான் தானியேல், அவன் பதிலுக்கு நிற்கவில்லை, வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கிக் காலனிப் பக்கம் திரும்பியது. அன்புசெல்வன் அங்கேயே நின்றான். கெட்ட வார்த்தை ஒன்று வாயில் இருந்தது, யார் மேல் துப்புவது என்று தெரியாமல் இருந்தது. நம்ம வண்டி வருகிற அன்றைக்கு நேரே வீட்டுக்கு வரக்கூடாது, முதலில் காலனித் தெருவில் விட வேண்டும், தானியேல் வீட்டு முன்னால் ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு நிற்காமல் போக வேண்டும் என்று சித்திரை மாதத்திலிருந்து ராத்திரி படுக்கும்போதெல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறான், எந்தக் கியர், எந்த வளைவு, கண்ணாடி ஏற்றியா இறக்கியா என்பதுவரை. இப்போதும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான். ஹாரன் அடித்தான். கதவு திறந்தது, தானியேல் வெளியே வந்தான், வண்டி வந்துடுச்சாண்ணா என்று சந்தோஷமாகக் கேட்டான்.

"இன்னாங்க, வெயில்ல நின்னுக்கினு," என்றாள் கல்பனா உள்ளேயிருந்து.

அப்படியானால் வண்டியை முதலில் வேறு எந்தத் தெரு வழியாக ஓட்டலாம் என்று அவன் யோசித்துப் பார்த்தான்.