கேட்டுக்கும் வேலிக்கும் நடுவே

போன பிப்ரவரியில் குதிரையிலிருந்து விழுந்ததிலிருந்து நான் ஒரு வேலிகூடத் தாண்டவில்லை. தோள்பட்டை எலும்பு சேர்ந்துவிட்டது, தைரியம்தான் சேரவில்லை. என் மஸ்டர்ட் தாண்டுவதற்கென்றே பிறந்த பெண்குதிரை. அதைக் கொட்டகையில் கட்டிப்போட்டுத் தீனி போடுவது பாவம். அதை விலைக்கு வாங்க லட்லோவிலிருந்து ஒரு பெண் திங்கட்கிழமை வருகிறாள், பிடித்தால் அன்றைக்கே கொண்டுபோய்விடுவாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. அன்றைக்குத் தாண்டினால் குதிரை என்னுடையது, இல்லையென்றால் இல்லை.

"டிராக்குக்கே போறேன்," என்றேன். இருபது வருஷமாக நான் போவது டிராக் கூட்டத்து வேட்டைநாய்களோடுதான்; வேட்டை என்று பெயர்தான், மிருகம் எதுவும் கிடையாது. ஒருவன் தைலம் தோய்த்த துணியை இழுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவான். அந்த வாசனையில் நாய்கள் பறக்கும், அவற்றின் பின்னால் குதிரைகளில் நாங்கள் பறப்போம். மூன்று மைலுக்கு இருபது வேலி. யோசிக்க நேரமே இருக்காது, அதுதான் அதில் சுகம்.

என் கணவன் க்ளெமெண்ட் டோஸ்டில் மார்மலேட் தடவிக்கொண்டிருந்தான். "அங்கேதானே விழுந்தே? நீ ஒரு வேலியில தயங்கினா பின்னாடி வர்ற முப்பது பேரும் உன் மேல ஏறிடுவாங்க. எங்க கூட்டத்துக்கு வாயேன்."

அவனுடையது ப்ளட்ஹவுண்ட் என்ற மோப்பநாய்களின் கூட்டம். அங்கே துணியும் கிடையாது, தைலமும் கிடையாது. ஒரு மனிதன் சும்மா ஓடுவான். அவன் உடம்பு வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தத் தொங்குகாது நாய்கள் போகும். க்ளெமெண்டுக்குக் குதிரை பக்கத்தில் வந்தாலே தும்மல். அதனால் அறுபத்திரண்டு வயதிலும் ஓடுகிற ஆள் அவன்தான்.

"உங்க நாய்ங்க மோந்து பார்த்து முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்."

"தூங்கிக்கிட்டே தாண்டு. பயம் தெரியாது."

"வாயை மூடிக்கிட்டு டோஸ்டைத் தின்னு," என்றேன். ஆனாலும் அவன் சொன்னது சரிதான். "வர்றேன். ஆனா எனக்காக வழியை மாத்தினே, அப்புறம் தெரியும் சேதி!"

ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் வழி ஓடுகிறவன் இஷ்டம். விவசாயிகள் அனுமதித்த வயல்களுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாய்கள் க்ளெமெண்டை ஒரு முறை மோந்து பார்த்தன. அவன் காட்டுக்குள் ஓடி மறைந்தான். இருபது நிமிஷம் கழித்து நாய்களை நடத்துகிற ப்ராஸர் அவற்றை அவிழ்த்துவிட்டான். அடேயப்பா, அந்தக் குரல்! அடிவயிற்றிலிருந்து வந்த முழக்கத்தில் மஸ்டர்டின் காது இரண்டும் நட்டுக்கொண்டன. எனக்கும் புல்லரித்தது.

முதலில் இரண்டு மரக்கட்டைகள் வந்தன. சின்னப்பிள்ளைகள் தாண்டுகிற உயரம்தான். இரண்டையும் நான் சுற்றிக்கொண்டு போனேன். குதிரை முரண்டு பிடித்தது, எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

அடுத்து முட்செடி வேலி. முன்னால் ஒரு பள்ளம், அதற்கப்பால் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடர்ந்த முள். நான் விழுந்ததும் இப்படி ஒன்றில்தான். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தேன். நல்லவேளை, வேலிக்கு முன்னால் நாய்கள் குரலை அடக்கிவிட்டன. ப்ராஸர் கையைத் தூக்கினான். எல்லோரும் நின்றோம். நாய்கள் தேடும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது.

வெல்வெட் என்ற கிழட்டுப் பெண்நாய் மட்டும் வேலியோரமாக நூறு கஜம் தள்ளி இருந்த கேட் வரைக்கும் போனது. பின்னங்காலில் எழுந்து தாழ்ப்பாளை மோந்து பார்த்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்காகக் கேட் வழியாகப் போயிருக்கிறான்! அத்தனை பேர் முன்னாலும் என்னை நொண்டியாக்கிவிட்டானே பாவி! ஒருவர் கேட்டைத் திறக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்றான் ப்ராஸர். "அவ இன்னும் சொல்லி முடிக்கல."

வெல்வெட் திரும்பியது. மூக்கை மண்ணில் தேய்த்தபடி வந்த வழியே நடந்து, வேலிக்கு முன்னால் அதே இடத்துக்கு வந்தது. அங்கே ஒரு சின்ன வட்டமடித்தது, இன்னொரு முறையும் அடித்தது. பிறகு ஒரே முழக்கம் போட்டுவிட்டு முள்ளுக்குள் நுழைந்துவிட்டது. மற்ற நாய்களும் பின்னாலேயே பாய்ந்தன.

"மிஸஸ் லாங்மீட், உங்க வீட்டுக்காரரு கேட்டுக்குப் போயி, தாழ்ப்பாள்ல கை வச்சுட்டு, திரும்பி வந்து இங்கேயே நின்னிருக்காரு," என்றான் ப்ராஸர். "ரொம்ப நேரம் நின்னிருக்காரு. அப்புறம் முள்ளுக்குள்ளயே பூந்து போயிருக்காரு. ஏன்னுதான் புரியல."

எனக்குப் புரிந்தது. இனி யோசித்தால் ஆகாது என்று மஸ்டர்டைத் திருப்பி, பின்னால் போய், காலை இறுக்கினேன். பள்ளம் கீழே போனது, முள் கீழே போனது. மறுபக்கம் இறங்கியபோது நான் சேணத்தில்தான் இருந்தேன். என்னையறியாமல் கத்திவிட்டேன்.

இரண்டு வயல் தள்ளிப் புல்லில் மல்லாந்து கிடந்தான் க்ளெமெண்ட். நாய்கள் அவன் முகத்தை நக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. கால்சட்டை கிழிந்து, கையெல்லாம் முள் கீறிய ரத்தம்.

"தாண்டிட்டியா?"

"கேட்ல கை வச்சியா?"

அவன் வெல்வெட்டைப் பார்த்தான். "கோள்மூட்டி," என்றான். பிறகு மெதுவாக, "வச்சேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தது நான்தானே. இன்னொரு தடவை முடியாதுன்னு தோணிச்சு."

"அப்புறம் ஏன் திரும்பினே?"

"கேட்டைத் திறந்திருந்தா நாளைக்கு நீ குதிரையைக் குடுத்துடுவே. அப்புறம் வீட்ல இருக்கப்போறது வேற யாரோ. அவகூட எனக்குப் பழக்கமில்ல."

அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை. அங்கிருந்தே லட்லோ பெண்ணுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

"அப்ப அடுத்த வாரம் டிராக்குக்கு ஓடிடுவே," என்றான், தும்மியபடியே.

"போகல. நீ எங்கே நின்னு யோசிச்சேன்னு அந்தத் தைலத் துணி எனக்குச் சொல்லுமா?" என்றேன்.