வாசல்படியில் நர்ஸ்

தான் வாடகைக்கு விட்ட வீட்டு வாசலில் மலிவான கேமரா ஒன்றைப் பொருத்தியிருந்த தையல்காரர், அடுத்த ஊரில் மெஷின் முன்னால் உட்கார்ந்து செல்போனில் பார்த்தார். மங்கலான படத்தில் வெயில் தண்ணீர்போல் அசைந்தது. குடியிருக்கும் நர்ஸ் வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, கண்மூடி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். தினமும் இப்படித்தான். அடுத்தவர் கனவுக்குள் நுழைந்துவிட்டதுபோல் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. போன் போட்டார்.

"நீ உட்கார்றது கேமராவுல தெரியுதும்மா. கேட் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம்ண்ணே, இருக்கட்டும். தனியா இருக்கிறவ. வீடு வந்து சேர்ந்ததை யாரோ ஒருத்தர் பார்க்கிறாங்கன்னு ஒரு தெம்பு."

மறுநாள் அவள் படியில் உட்கார்ந்ததும் அவர் மெஷினை நிறுத்தினார். "வந்துட்டா," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.