ஆறாவது மாடியில் அவள் என்ன சாப்பிட்டாள்

என் கணவருக்கு இரண்டு வருஷமாக வாசனை தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தது, ஒன்பது நாள் படுத்தி எடுத்தது, போகும்போது மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது. மூக்கு போனால் நாக்கும் பாதி போன மாதிரிதான். உப்பு, புளிப்பு, இனிப்பு என்று மொத்தமாக ஏதோ தெரியும். அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

வேறு வேலையில் இருப்பவராக இருந்தால் பரவாயில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் ஓட்டல்களைப் பற்றி எழுதுகிறவர். பத்தியின் பெயர் 'நுனி நாக்கு'. அதைப் படித்துவிட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் வெளியே சாப்பிடப் போகிறார்கள். மூக்கு செத்துப்போனது வெளியே தெரிந்தால் பத்தி போய்விடும். அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலும் போய்விடும்.

நான் குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீரை மோந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் நான் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வேலை அதுதான். குடுவையில் தண்ணீரைச் சூடாக்கி, மூடி, குலுக்கி, திறந்து ஒரு மூச்சு இழுக்க வேண்டும். பாசியா, மண்ணா, துருவா, எவ்வளவு என்று எழுத வேண்டும். இதற்காகப் பதினாறு வருஷமாக முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டதில்லை. ஒருமுறை மேலதிகாரி ஒரு தொட்டியின் ரீடிங்கைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொன்னார். பேனாவை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதனால் அவருக்கு மூக்கு போனதும் என் மூக்கு வேலைக்கு வந்தது. எந்த ஓட்டலுக்குப் போனாலும் முதல் வாய் எனக்கு. நான் மென்று முடித்ததும் அவர் மெதுவாக, "சொல்லு" என்பார். நான் சொல்வேன். பக்கத்து மேஜைக்காரர்களுக்குப் புருஷன் பெண்டாட்டி ஊர்க்கதை பேசுகிற மாதிரி இருக்கும். பிறகு அவர் கைகழுவும் அறைக்குப் போய்ப் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டு வருவார். ஒரு ஓட்டலில் பரிமாறுகிறவர், "சாருக்கு வயிறு சரியில்லையா?" என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார்.

பாராட்டெல்லாம் அவருக்கு. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. கல்யாணமான பதினாலு வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டுமாகச் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்குள் மூன்றாவது ஆள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

வந்தாள். அவருடைய பத்திரிகையில் ஞாயிறு மலரைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியை. வீட்டில் அவர் வாய் ஓயாமல் மேடம், மேடம் என்பதால் நான் அவளுக்கு 'ஞாயிறு மேடம்' என்று பெயர் வைத்திருந்தேன். பழைய சைக்கிள் தொழிற்சாலைக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஒரு புது உணவகம் திறந்திருந்தார்கள். சீனாவா, ஜப்பானா, கொரியாவா என்று கேட்டால் மூன்றும் ஒரே தட்டில் என்பார்களாம். அடுப்பைச் சுற்றி எட்டே எட்டு நாற்காலி. பத்திரிகைக்கு இரண்டு ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று அவருக்கு, இன்னொன்று ஞாயிறு மேடத்துக்கு.

"நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துக்கலாம் விடு" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் நல்ல சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு அப்போதே அடிவயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தேன். கதவில் காதை வைத்தேன் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. உள்ளே தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "கசப்பா, துவர்ப்பா... கசப்பு" என்று கேட்டது. போனில் அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறார் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. அவர் எழுதியதிலேயே நல்ல கட்டுரை அதுதான். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது. கருப்பு எள் பாலில் மிதக்கிற குளிர்ந்த நூடுல்ஸ். புகையில் வாட்டிய பூசணியை உள்ளே வைத்த மோமோ. அதில் 'கடைசியில், நாக்கின் ஓரத்தில் மட்டும் தங்கும் கமலாப்பழத் தோலின் கசப்பு'. தேயிலைத் தண்ணீரில் வெந்த மீன்; அதில் 'ஒரு நொடி வந்து போகும் ஈரச் சுண்ணாம்புச் சுவரின் வாசனை'. அடிப்பாவி, எப்படிச் சொல்லியிருக்கிறாள் பார் என்று வியந்துகூடப் போனேன். வியப்பு எரிச்சலை இரண்டு மடங்காக்கியது.

"எப்படி எழுதினீங்க?" என்றேன்.

"எப்படியோ எழுதிட்டேன்" என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது.

அவர் வேறொருத்தியைத் தொட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். அதற்கெல்லாம் வழி இருக்கிறது. முதல் வாயை அவளுக்குக் கொடுத்து, அவள் மெல்லும் வரை காத்திருந்து, "சொல்லு" என்றிருக்கிறாரே, இதற்கு யாரிடம் போய் முறையிடுவது? எங்கள் ரகசியத்தை அவளிடம் சொல்லாமல் அது நடந்திருக்காது. இரண்டு வருஷமாக என் வாயைக் கட்டி வைத்தவர், அவளிடம் ஒரே சாயங்காலத்தில் அவிழ்த்துக் கொட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. ஞாயிறு மேடம். அவர் எடுக்கவில்லை என்று எனக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"பாராட்டு வந்து குவியுது! உங்க வீட்டுக்காரருக்கு என்ன ஒரு நாக்குங்க! நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். தட்டைப் பாத்தப்ப எனக்கு இதெல்லாம் தோணவே இல்ல."

தன்னைத் தானே மெச்சிக்கொண்டு என்னிடமே ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டேன்.

"யாரு நாக்கு? உங்க நாக்குன்னு நேரா சொல்லுங்களேன். அவருக்குத்தான் ரெண்டு வருஷமா வாசனையே கிடையாதே. இத்தனை நாள் என் நாக்கு. இந்த வாரம் உங்க நாக்கு."

"என்ன சொல்றீங்க? எனக்கு இது தெரியாதே" என்றாள்.

"நடிக்காதீங்க" என்று வைத்துவிட்டேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவர், "யாரு போன்ல?" என்றார். "ராங் நம்பர்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு ஆறாவது மாடிக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவள் என்ன சாப்பிட்டாள், எந்த ருசியை எப்படிப் பிடித்தாள் என்று நானே பார்த்துவிட வேண்டும் என்ற வெறி. அவள் எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் போதும், அன்றைக்கு எனக்குப் பசி தீர்ந்துவிடும். நாத்தனார் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். அண்ணனுக்கு மூக்கு போன விஷயம் அவளுக்குத் தெரியாது. பத்திரிகையில் அந்தப் பக்கத்தை வெட்டி மடித்துக் கைப்பையில் எடுத்து வந்திருந்தாள்.

தட்டு என்ற பெயரில் கருப்புக் கல் ஒன்றை முன்னால் வைத்தார்கள். அதன் நடுவில் மூன்று மோமோ, மேலே மெல்லிய ஆரஞ்சு நிறச் சீவல். நாத்தனார் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"ஆமா அண்ணி, வருது, வருது! அண்ணன் சொன்ன அதே கமலாத் தோல். அப்படியே நாக்கு ஓரத்துல!"

நானும் போட்டுக்கொண்டேன். பூசணி, புகை, இஞ்சி, கொஞ்சம் புளித்த சோயா. விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். இன்னொன்றையும் தின்றேன். கமலாப்பழம் கிட்டேகூட வரவில்லை.

எதிரே நின்ற சமையல்காரரிடம், "இதுல கமலாத் தோல் இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "பேப்பர் பாத்துட்டு வர்ற எல்லாரும் கேக்கறாங்கம்மா. கிடையவே கிடையாது. மேல இருக்கறது கேரட். சார் எழுதினது நல்லா இருந்துச்சு, அதான் நாங்களும் மறுக்கல."

"எனக்கு வந்துச்சே" என்றாள் நாத்தனார், குரல் கொஞ்சம் இறங்கி.

எனக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது. மாட்டிக்கொண்டாள்! கேரட்டைப் பார்த்துக் கமலா என்று சொல்லியிருக்கிறாள்! இதுதான் லட்சணமா? அடுத்து மீன் வந்தது. தேயிலை, எலுமிச்சைப் புல், உப்பு. ஈரச் சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்னும் சந்தோஷம்.

"ஈரச் செவுரு வாசனைன்னு யாராவது சாப்பாட்டைச் சொல்லுவாங்களா அண்ணி?" என்றாள் நாத்தனார், வெட்டி வைத்த தாளைப் பார்த்துக்கொண்டே. "அண்ணனுக்கு எங்கேருந்துதான் கிடைக்குதோ!"

கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தேன். ஈரச் சுவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோதனைக்கூடத்தில் நான் ஒருத்தி சொல்வேன். போன வருஷம், பஸ் டிப்போவுக்குப் பக்கத்து ஓட்டலில், காளானைத் தின்றுவிட்டு அதைத்தான் சொன்னேன். அதே மேஜையில், ஆரஞ்சு நிற அரிசி மாவுத் தாளில் சுற்றிய இறாலுக்குக் கமலாத் தோல் என்றேன். "கசப்பா, துவர்ப்பா?" என்று அவர் கேட்டார். "கசப்பு. நாக்கு ஓரத்துல மட்டும்" என்றேன். அந்த வாரம் பத்தியில் இடம் இல்லாமல் அந்த ஓட்டல் விட்டுப்போயிற்று. பாக்கெட் நோட்டில் மட்டும் இருந்தது.

சமையல்காரரிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அன்னிக்கு சார்கூட ஒரு மேடம் வந்தாங்களே, அவங்க எதை விரும்பிச் சாப்பிட்டாங்க?"

"அவங்களா? அவங்க எங்கம்மா சாப்பிட்டாங்க! வயித்து வலின்னு வெந்நீர் மட்டும் வாங்கிக் குடிச்சாங்க. சார்தான் ரெண்டு தட்டையும் காலி பண்ணினாரு. ஒவ்வொரு தட்டையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. இவ்வளவு மெதுவா சாப்பிடறவரை நான் பாத்ததே இல்ல."

முதல் வாயை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பழைய நோட்டுகளைத்தான் படித்திருக்கிறார். நிறத்தைப் பார்த்து, நான் எப்போதோ சொன்னதில் எது பொருந்தும் என்று தேடி எடுத்து ஒட்டியிருக்கிறார். மூன்று நாளாக நான் வயிறெரிந்தது என் வார்த்தைகளைப் பார்த்தே.

லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன். "அண்ணி, ஐஸ்கிரீம் வரலையே!" என்று நாத்தனார் மேலிருந்து கத்தினாள். தெருவில் நின்றபடி ஞாயிறு மேடத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாவது தடவை, "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று எழுத்தில் பதில் வந்தது. யாரோடு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கெங்கோ சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனபோது மணி ஆறு. அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. எதிரே பாக்கெட் நோட்டுகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

"மேடம் கூப்பிட்டு விட்டாங்க" என்றார். "கண்ணை மூடச் சொல்லி ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாங்க. என்ன வாசனைன்னு கேட்டாங்க. காப்பித்தூள்னு சொன்னேன்."

நான் உட்காரவில்லை.

"சீரகமாம்" என்றார். "இந்த வாரத்துலேருந்து 'நுனி நாக்கு' கிடையாது."

"போன வாரம் நோட்டைப் பாத்து எழுதினதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா? நீ திட்டுவேன்னுதான். இல்லாததை எழுதறவங்களைக் கண்டாலே உனக்கு ஆகாது. வெக்கமா இருந்துச்சு." மேலே இருந்த நோட்டைத் திறந்து மூடினார். "அவங்ககிட்ட சொல்லி அவங்க நாக்கை வாங்கியிருக்கலாம். மனசு வரல. இது நம்ம ரெண்டு பேரோட விஷயம்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவரோ அது தன் மேல் எனக்குள்ள பரிதாபம் என்று நினைத்துக்கொண்டு, ஆறுதலாகப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யாரு சொன்னாங்கன்னு கேட்டேன். மேடம் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. டாக்டர் சொல்லியிருக்க மாட்டாரு. தங்கச்சிக்கு விஷயமே தெரியாது. அந்த ஓட்டல்காரங்க யாராவது சந்தேகப்பட்டாங்களோ என்னவோ. மத்தியானத்துலேருந்து மண்டையை உடைச்சுக்கறேன். உன்னைத் தவிர எல்லாரையும் நினைச்சுப் பாத்துட்டேன்."

நான் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார், எல்லா ஓட்டலிலும் சாய்வதைப் போல.

"உனக்கு யாரு மேலயாவது தோணுதா?" என்றார். "சொல்லு."

முதல் வாய்க்குப் பிறகு இரண்டு வருஷமாகக் கேட்ட அதே குரல். அந்தக் குரலுக்கு நான் ஒருநாளும் பொய் ரீடிங் கொடுத்ததில்லை.

சொன்னேன்.