கொழுந்தன் கொடுத்த இரத்தம்

பார்லர்காரிக்குக் கொழுந்தன் இரத்தம் கொடுத்த கதை தெருவில் தெரியாதவர் கிடையாது. புதிதாக யாராவது குடிவந்தால், சாமான் இறக்கி முடிப்பதற்குள் அவனே போய்ச் சொல்லிவிடுவான். "எங்க அண்ணி உடம்புல ஓடுறது என் ரத்தமுங்க!" கர்ப்பப்பை ஆபரேஷனின்போது அவளுக்கு இரத்தம் ஏற்றியது உண்மை. அன்றைக்கு அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரத்த வங்கிக்குள் போனதும் உண்மை. பெண்கள் பார்லருக்குள் நுழைகிற ஒரே ஆண்பிள்ளை அவன்தான். அந்த ஒரு நாளைக் காட்டியே முடிவெட்டு ஓசி, தலைச்சாயம் ஓசி, கல்யாணம் காட்சி என்றால் ஃபேஷியலும் ஓசி.

அப்புறம் அவள் கண் மஞ்சளித்தது. கல்லீரலில் வைரஸ். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் அது இல்லை. ஏற்றிய இரத்தத்தில்தான் வந்திருக்க வேண்டும் என்றார் வேறொரு டாக்டர். சேதி பரவியதும், புருவம் திருத்த வந்தவர்கள் அவள் கத்தரிக்கோலை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு பார்க்கவும் வரவில்லை. மூலையில் உட்கார்ந்து அழுவாள் என்று தெரு எதிர்பார்த்தது. அவளோ ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட்டாள்.

ஆஸ்பத்திரி அசரவில்லை. இரத்தம் கொடுத்தது அவளுடைய சொந்தக் கொழுந்தன், அதை அவரே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று பதில் போட்டது. சாட்சிக்கு அவனையே அழைத்தது.

மாமியார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். "கேஸை வாபஸ் வாங்கு! உன் உசுரைக் காப்பாத்துன பிள்ளையைக் கோர்ட்டுல நிறுத்துவியா?"

"நான் நிறுத்தலை அத்தை. அவங்கதான் கூப்பிட்டிருக்காங்க."

"இவனுக்குச் சீக்குன்னு ஆயிட்டா எவ பொண்ணு குடுப்பா?"

"அதுக்கென்ன, ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லுங்க. ஒரு ஊசிதானே."

ஊசி என்றதும் கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பி நீட்டினான். அப்போதே அவளுக்கு எங்கேயோ உதைத்தது. ஆனாலும் வழக்கை விடவில்லை.

விசாரணையன்று பாதித் தெரு நீதிமன்றத்தில் இருந்தது. ஆஸ்பத்திரி வக்கீல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தபடி எழுந்தார்.

"அண்ணிக்கு ரத்தம் கொடுத்தது நீங்கதானே?"

கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். சொல்லித் தொலை என்றது அவள் கண்.

"உள்ள போனேங்க."

"கொடுத்தீங்களா, இல்லையா?"

"ஊசியைப் பார்த்தேங்க. அப்புறம் முழிச்சுப் பார்த்தா ஜூஸ் கொடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்."

நீதிமன்றம் கொல்லென்று சிரித்தது. இத்தனை ஃபேஷியலும் ஒரு டம்ளர் ஜூஸுக்கா என்று பார்லர்காரிக்கு வயிறு எரிந்தது.

வக்கீலுக்கு வாய் குழறியது. "அப்படின்னா அது யாரோட ரத்தம்?"

"அதைத்தானே சார் நான் உங்களைக் கேக்கிறேன்!" என்று எழுந்துவிட்டாள் அவள். "இவனே கொடுத்திருந்தாலும்தான் என்ன? சொந்தக்காரன் ரத்தம்னா சோதிக்காம ஏத்திடுவீங்களா?"

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். வக்கீலிடம் சிரிக்காமலே சொன்னார்: ஏற்றிய பைகளைச் சோதித்ததற்கு அத்தாட்சி வேண்டும், இல்லையென்றால் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது.

வெளி வராந்தாவில் ஆஸ்பத்திரி மேனேஜர் குழைந்துகொண்டு வந்தார். "மேடம், மனிதாபிமான அடிப்படையில ஒரு தொகை கொடுத்துடறோம். இதைப் பத்தி நீங்க வெளியில பேசக் கூடாது, அவ்வளவுதான்."

மாமியார் பின்னாலிருந்து முழங்கையால் இடித்தாள். கடை வாடகையும் மருந்துச் செலவும் பார்லர்காரி மனதில் வந்து போகாமல் இல்லை. ஆனால் வாயை மூடினால், கத்தரிக்கோலில் வந்த சீக்கு என்றே தெரு காலத்துக்கும் பேசும்.

"சோதிச்சதுக்கு அத்தாட்சி இல்லை, அப்படித்தானே?"

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"உங்க மனிதாபிமானம் எனக்கு வேண்டாம் சார். தப்பு எங்களோடதுன்னு நீதிபதி முன்னாடி சொல்லிட்டு, எனக்குச் சேர வேண்டியதைக் குடுங்க. அப்புறம், பேசக் கூடாதுன்னீங்களே? நான் பார்லர் வச்சிருக்கேன். வாயை மூடிக்கிட்டு எனக்கு ஒரு புருவம்கூட எடுக்க வராது."

அன்று சாயங்காலம் கதை கேட்கப் பார்லரில் கூட்டம் முண்டியது. சும்மா நின்று கேட்க அவள் விடவில்லை.

"கேக்கணும்னா நாற்காலியில வந்து உக்காரு. உனக்குப் புருவம் காடா கிடக்கு."

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். கதை ஆசை பயத்தை வென்றது, உட்கார்ந்தாள். கடைசியாகத் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்ற கொழுந்தனுக்கு, சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலைக் கத்தரிக்கோலாலேயே சுட்டிக் காட்டினாள்.