தலைவலி இறங்கிய வாளி

மூத்தவளுக்குப் பதினான்கு வருடமாக இருந்த தலைவலி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நெற்றியிலிருந்து நுரையாக வழிந்து, குளியலறை நீல வாளிக்குள் இறங்கியது. மல்லிகையும் ரோஜாவும் கலந்த வாசனை அடித்தது. வாளி பழையதுதான், கைப்பிடிப் பக்கம் ஒரு கீறல் உண்டு, ஆனால் ஒழுகவில்லை.

வந்த கதையைச் சொல்லாமல் போன கதையைச் சொன்னால் நன்றாக இருக்காது. மூத்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். அவள் அப்பா ஆறு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தினமும் காலையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அதே நீல வாளியில் வெந்நீர் விளாவி, இரண்டு வாளி ஊற்றித் துவட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவாள். தங்கை அப்போது தொலைவில் ஒரு சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கும் வேலையில் இருந்தாள். மூக்குக்கெல்லாம் சம்பளமா என்று தெருவே சிரித்தது. வாரம் தவறாமல் போன் வரும், ஆள் வரமாட்டாள். அப்பா போன மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து இறங்கியவள், வாசலில் நின்றபடியே, "ஏங்க்கா, இவ்வளவு முடியலைன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வி மூத்தவளின் இடது நெற்றிப்பொட்டு வழியாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. "தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான்டி தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

மூன்று டாக்டர் பார்த்தார்கள். தன் கடையிலேயே ஐந்து கண்ணாடி மாற்றினாள். கீழ்வீட்டில் இருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவளுக்காக ஹாரனைத் தொடாமலேயே பாடம் நடத்தினார், அவரிடம் படித்த யாருக்கும் இன்றுவரை ஹாரன் அடிக்கத் தெரியாது. உள்ளதைச் சொன்னால், வலி போவதில் அவளுக்கும் பெரிய அக்கறை இல்லை. அது போய்விட்டால் கோபத்துக்குக் காரணம் போய்விடுமே! ஆனாலும் போன் அடித்தால் ஈரக்கையோடு ஓடிவருவாள். தங்கை குரலைக் கேட்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. யார் முதலில் இறங்கிவருவது என்பதுதான் தகராறு.

பதினான்காம் வருடம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே சாத்துக்குடி அளவில் இளஞ்சிவப்பு உருண்டை, மேலே காய்ந்த இதழ்கள், ஒரு துண்டுச்சீட்டு: 'அக்கா, பாத் பாம். நானே செஞ்சது. முதல்ல நீ போட்டுப் பாரு.' சின்ன வயதிலிருந்தே இளையவளுக்கு எழுத்துப்பிழை வரும். 'பாத்து' என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள், பார்த்துப் போடச் சொல்கிறாள் என்று மூத்தவள் எடுத்துக்கொண்டாள். பாம் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், தலைவலிக்குத் தேய்ப்பது. வலியையும் கொடுத்துவிட்டு மருந்தும் அனுப்புகிறாளே மகராசி என்று முனகிக்கொண்டே, உருண்டையைக் குழாயில் நனைத்து, வாளிக்கு மேல் குனிந்து நெற்றியில் பரபரவென்று தேய்த்தாள். புஸ்ஸென்று பொங்கியது. நுரை வாளிக்குள் இறங்க இறங்க வலியும் கூடவே இறங்கியது. மிச்ச உருண்டையும் கை வழுக்கி உள்ளே விழுந்தது.

வாளித் தண்ணீர் அதற்குப் பிறகு பொங்குவதை நிறுத்தவில்லை. வெயில் பட்டால் சுருங்கியது, பாத்திரம் விழுந்தால் துடித்தது. கீழ்வீட்டுக்காரர் நம்பாமல் விரலை விட்டுப் பார்த்து, சாயங்காலம் வரை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்ல வாசனையான தலைவலிம்மா" என்றார், மனுஷர் நியாயஸ்தர். கீழே கொட்டவும் மூத்தவளுக்குப் பயம், யார் வீட்டுக் குழாயில் போய் வருமோ. வெறும் தலையோடு பதினோரு நாள் இருந்தாள். வலியில்லாமல் அந்தப் பழைய கேள்வியை நினைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது: தங்கை போன் செய்த போதெல்லாம் "அப்பா நல்லா இருக்காரு" என்று சொன்னது தான்தான். பன்னிரண்டாம் நாள் அவளே போன் போட்டாள்.

"பாம் போட்டேன்டி."

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நெத்தியில போட்டேன்."

"ஐயோ அக்கா, அது குளிக்கிற தண்ணியில போடறது! பாம்னா குண்டு!"

"கூடப்பிறந்தவளுக்கு யாராவது குண்டு அனுப்புவாங்களாடி?"

இருவரும் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். வாளியைப் பார்த்தாள், அப்பாவின் நாற்காலியைக் குளியலறைக்குள் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். "நீ அப்பாவுக்கு ஊத்தினே. உனக்கு யாரு ஊத்தினா? அதுக்குத்தான்க்கா அந்த உருண்டையைச் செஞ்சேன். இப்ப எனக்கு ஊத்து. எனக்கும் தெரியணும்." தாங்கமாட்டாய் என்று மூத்தவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிறகு, அப்பாவுக்கு ஊற்றுவது போலவே, கண்ணில் படாமல் கையால் அணை கட்டி, குவளை குவளையாக ஊற்றினாள். பாதி வாளியில் தங்கை இடது நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவா! இதை வச்சுக்கிட்டா லென்ஸ் தேய்ச்சே?"

"போதும் எழுந்திரு. மீதியை எனக்கு ஊத்து" என்று மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பங்குன்னா ரெண்டு பேருக்கும்தான்."

அன்றிலிருந்து ஒற்றைப்படைத் தேதிகளில் தலைவலி மூத்தவளுக்கு, இரட்டைப்படையில் இளையவளுக்கு. அதனால் இரட்டைப்படை நாட்களில் மட்டும் கீழ்வீட்டுக்காரர் ஹாரன் அடித்துக்கொள்கிறார். முப்பத்தொன்றாம் தேதிக்கு அடுத்து ஒன்றாம் தேதி வருவதால் மூத்தவளுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விழுகிறது. அதில் மட்டும் இன்னும் சண்டை உண்டு. வாளியை அலசிக் கவிழ்த்தாயிற்று, வாசனை போகவில்லை. தங்கை ஊருக்குத் திரும்பிவிட்டாள், ஆனால் தினமும் காலை ஏழே முக்காலுக்குப் போன் அடிக்கும்.

"வந்துடுச்சாடி?"

"வந்துடுச்சுக்கா. நீ போய் வேலையைப் பாரு."